தொங்கும் ரோபோவைப் பத்திரமாக இறக்குவது எப்படி?

மாணவர் ரோபோப் போட்டியைப் பார்த்தவர்கள் கடைசி அரை நிமிடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதுவரை தரையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்கள் கம்பியைப் பற்றி மேலே ஏறித் தொங்கும். ஆட்டம் முடிந்ததற்கான ஒலி எழும். அரங்கம் ஆர்ப்பரிக்கும். அதற்கு அடுத்து வரும் இரண்டு நிமிடத்தை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அந்த நேரத்தில்தான் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் நான்கைந்து பேர், அந்தரத்தில் தொங்கும் ஒரு கனத்த இயந்திரத்தைத் தங்கள் கைகளால் கீழே இறக்குகிறார்கள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றியது. நீங்கள் அணியில் இருக்கும் மாணவராக இருக்கலாம். வழிகாட்டும் ஆசிரியராக இருக்கலாம். பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோராக இருக்கலாம். ரோபோவைப் பற்றி எதுவும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அடிப்படையிலிருந்தே தொடங்குவோம்.

இது எந்தப் போட்டி?

டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பு, உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்காக 'ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் காம்படிஷன்' என்ற போட்டியை நடத்துகிறது. முதல் போட்டி 1992இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மான்செஸ்டர் நகரில், ஒரு பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் நடந்தது. இன்று பல நாட்டு அணிகள் இதில் ஆடுகின்றன.

ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் புது விளையாட்டை அறிவிப்பார்கள். அதற்கேற்ற ரோபோவை மாணவர்களே வடிவமைத்துக் கட்ட வேண்டும். மூன்று அணிகள் ஒரு பக்கம், மூன்று அணிகள் எதிர்ப்பக்கம். ஓர் ஆட்டம் ஏறத்தாழ இரண்டரை நிமிடம்.

ரோபோ ஏன் ஏற வேண்டும்?

ஏறினால் புள்ளி கிடைக்கும். 2013இல் பிரமிடு வடிவச் சட்டத்தில் ஏறினார்கள். 2016இல் கோட்டைக் கோபுரம், 2017இல் கயிறு, 2018இல் ஏழடி உயரக் கம்பி, 2024இல் இரும்புச் சங்கிலி, 2025இல் தொங்கும் கூண்டு.

2022ஆம் ஆண்டு விளையாட்டில் நான்கு கம்பிகள் இருந்தன. மிகத் தாழ்ந்த கம்பியில் தொங்கினால் 4 புள்ளி. அடுத்தடுத்த கம்பிகளுக்கு 6, 10, 15. பதினைந்து புள்ளி தரும் கம்பி 7 அடி 7 அங்குல உயரத்தில், அதாவது 2.3 மீட்டர் உயரத்தில் இருந்தது. உயரம் கூடக் கூடப் புள்ளியும் கூடும் என்றால் எல்லா அணிகளும் உயரத்தைத்தானே குறிவைக்கும்? அதே உயரத்திலிருந்து இறக்க வேண்டிய வேலையும் கூடவே வந்துவிடுகிறது.

எவ்வளவு எடை இருக்கும்?

விதிப்புத்தகம் எடைக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2018இல் அது 120 பவுண்டு. 2019 முதல் 2024 வரை 125 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 57 கிலோ. 2025இல் 115 பவுண்டு, ஏறத்தாழ 52 கிலோ.

இந்த எடையில் பேட்டரியும் பம்பரும் (ரோபோவைச் சுற்றிக் கட்டும் மோதல் தாங்கி) சேராது. பேட்டரி மட்டுமே ஐந்தரை, ஆறு கிலோ இருக்கும். எல்லாம் சேர்ந்தால் முழு வரம்பையும் பயன்படுத்திய ஒரு ரோபோ 65 முதல் 70 கிலோவுக்குள் வந்து நிற்கும். வளர்ந்த ஓர் ஆளின் எடை. ஆனால் ஆளைப் போல வளைந்து கொடுக்காது. கூரான ஓரங்களும் பற்சக்கரங்களும் சங்கிலிகளும் நிறைந்த பெட்டி அது.

ஏறிய ரோபோ தானாகவே இறங்கலாமே?

எல்லோருக்கும் முதலில் எழும் சந்தேகம் இது. இறங்க முடியாது என்பதுதான் பதில். ஆட்டம் முடிந்ததும் களத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு எல்லா ரோபோக்களையும் முடக்கிவிடும். அதன் பிறகு அவற்றை மறுபடி இயக்க அனுமதி இல்லை. ரோபோவை முடக்கி, மின்சாரத்தையும் நிறுத்திய நிலையில் களத்தின் கம்பியிலிருந்து எளிதாக, விரைவாக, பத்திரமாகக் கழற்ற முடியும்படி வடிவமைக்க வேண்டும் என்பது விதி.

காரணம் நியாயமானது. ஆட்டம் முடிந்ததும் பந்துகளைப் பொறுக்கவும் களத்தைச் சரிசெய்யவும் தன்னார்வலர்கள் உள்ளே வருவார்கள். அத்தனை பேர் நடமாடும் இடத்தில் கனத்த இயந்திரம் ஒன்று மோட்டாரின் பலத்தில் அசைந்தால் யாருடைய கையாவது நசுங்கும். எனவே இறக்கும் வேலை முழுக்க மனிதக் கையால் நடக்க வேண்டியது.

மின்சாரம் நின்ற பிறகும் ரோபோ எப்படித் தொங்குகிறது?

ஒலி எழுந்த பிறகும் ரோபோ சில விநாடிகளாவது தொங்கினால்தான் புள்ளி நிலைக்கும். அதனால் அணிகள் ஏதாவது ஒரு பிடிப்பு முறையைச் சேர்த்திருப்பார்கள். இறக்கும் முறை முழுக்க இதைப் பொறுத்தது என்பதால் நான்கு வகைகளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

முதல் வகை, வெறும் கொக்கி. மடங்காத, நகராத கொக்கி கம்பியில் மாட்டியிருக்கும். இதைக் கழற்ற ரோபோவைச் சற்று மேலே தூக்கினால் போதும். ஆனால் முழு எடையையும் தூக்க வேண்டும்.

இரண்டாவது வகை, வின்ச் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை). அதோடு ராட்செட் (ஒரு பக்கம் சுற்றவிட்டு மறுபக்கம் தடுக்கும் பற்சக்கரப் பூட்டு) இருக்கும். கிணற்றில் நிறைகுடத்தை இழுத்துப் பாதியில் கையை விட்டால் கயிறு சரசரவென்று ஓடுமே, அந்த ஓட்டத்தைத் தடுப்பதுதான் ராட்செட்டின் வேலை. சிலர் இதற்குப் பதில் வார்ம் கியர் (திருகு போன்ற பற்சக்கரம்) வைப்பார்கள். மோட்டார் பக்கமிருந்து சுற்றலாம், சுமையின் பக்கமிருந்து சுற்ற முடியாது.

மூன்றாவது வகை, காற்றழுத்தத்தால் இயங்கும் பிஸ்டன் அல்லது பிரேக். தொட்டியில் சதுர அங்குலத்துக்கு 120 பவுண்டு வரை அழுத்தத்தில் காற்றை அடைத்து வைத்திருப்பார்கள். வேலை செய்யும் பகுதியில் 60 பவுண்டு வரை.

நான்காவது வகை, மோட்டாரின் மின்பிரேக். தனிப் பூட்டு எதுவும் இருக்காது. மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பெட்டி அதன் இரு முனைகளையும் இணைத்துவிடும். அதனால் மோட்டார் சுற்ற மறுக்கும். இது முழுதாகப் பிடித்து நிறுத்தாது. ரோபோ மெல்ல மெல்லச் சறுக்கி இறங்கும்.

நான்கில் எது ஆபத்தானது?

நான்காவதுதான், ஏனென்றால் அது பிடித்துக்கொண்டிருப்பது போலத் தோன்றும். முடக்குவதும் மின்சாரத்தை நிறுத்துவதும் வேறு வேறு என்பதை இங்கே புரிந்துகொள்ள வேண்டும்.

முடக்கிய ரோபோவுக்குக் கட்டளை போகாது. ஆனால் பேட்டரியிலிருந்து மின்சாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அந்த மின்சாரத்தில்தான் பல கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் மின்பிரேக் வேலை செய்கிறது. நல்லெண்ணத்தோடு ஒருவர் ஓடிவந்து பிரேக்கரை (மொத்த மின்சாரத்தையும் துண்டிக்கும் சுவிட்சு) அழுத்தினால் அந்தப் பிடி போய்விடலாம். ரோபோ அவர் கைமேலேயே விழும்.

எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொரு ரோபோவிலும் ஆரஞ்சு நிற விளக்கு ஒன்று இருக்கும். அது மினுக்கினால் ரோபோ இயக்கத்தில் இருக்கிறது. நிலையாக எரிந்தால் முடக்கப்பட்டிருக்கிறது, ஆனால் மின்சாரம் உண்டு. அணைந்திருந்தால் மின்சாரம் இல்லை. கிட்டே போவதற்கு முன் அந்த விளக்கைப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

நாலு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டால் போதாதா?

பிடிப்பது வேறு, விழுவதைப் பிடிப்பது வேறு. முன்னது முடியும். பின்னது முடியாது.

அறுபது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட மூன்றில் ஒரு விநாடிதான் ஆகும். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசையத் தொடங்குவதற்கே கால் விநாடி போய்விடும். தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு மூன்று மீட்டருக்கும் அதிகம். 70 கிலோ அந்த வேகத்தில் வரும்போது கையை நீட்டினால் விரலும் மணிக்கட்டும்தான் உடையும்.

அதனால் வழி ஒன்றுதான்: பூட்டு விடுபடுவதற்கு முன்பே முழு எடையும் உங்கள் கைகளுக்கு வந்துவிட வேண்டும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் மீதி எல்லாம் இதிலிருந்தே வரும்.

எத்தனை பேர் வேண்டும்?

அமெரிக்க அரசின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நையோஷ், எல்லாம் சாதகமாக இருக்கும்போது ஒருவர் தூக்குவதற்கான எல்லையாக 23 கிலோவை எடுத்துக்கொள்கிறது. சுமை உடலுக்கு அருகில், இடுப்பை ஒட்டிய உயரத்தில், முதுகைத் திருப்பாமல் தூக்கும் நிலையில்தான் அந்த 23. கையை நீட்டியோ தோளுக்கு மேலோ தூக்கினால் எல்லை இன்னும் குறையும்.

70 கிலோவை மூன்று பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 23 கிலோவைத் தாண்டிவிடும். நான்கு பேர் என்றால் பதினேழரை கிலோ. ஆகவே தாங்க நான்கு பேர், பூட்டை விடுவிக்க ஒருவர் என்று ஐந்து பேரைக் கணக்கில் வையுங்கள். களத்துக்குள் போகும் குழுவில் அத்தனை பேர் இல்லையென்றால் உங்கள் பக்கம் ஆடும் கூட்டணி அணியினரையோ களத் தன்னார்வலர்களையோ கேளுங்கள். கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. முதுகுவலி உள்ளவரும் அன்று உடம்பு சரியில்லாதவரும் ஒதுங்கி நிற்கட்டும்.

ஒலி எழுந்த பிறகு எந்த வரிசையில் செய்ய வேண்டும்?

ஒன்று: காத்திருங்கள். களத்தின் விளக்குகள் பச்சையாக மாறிய பிறகுதான் அணியினர் உள்ளே போகலாம். பாதுகாப்புக் கண்ணாடியும் விரல் மூடிய காலணியும் கட்டாயம்.

இரண்டு: தள்ளி நின்று பாருங்கள். ஆரஞ்சு விளக்கு எப்படி இருக்கிறது? ரோபோ சறுக்குகிறதா? ஏதாவது வளைந்திருக்கிறதா? கயிறு நைந்து நூல் பிரிந்திருக்கிறதா? வேறு ரோபோவோடு பின்னியிருக்கிறதா? பத்து விநாடி போதும்.

மூன்று: ஒருவர் மட்டும் பேச வேண்டும். யார் குரல் கொடுப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணினால் மூன்று என்னும்போதே தூக்குவதா, அதற்குப் பிறகா என்பதையும் பேசி வையுங்கள். இரண்டு பேர் முன்னால் தூக்கி இரண்டு பேர் பின்னால் தூக்கினால் ரோபோ சாயும்.

நான்கு: தாங்குபவர்கள் நான்கு மூலைக்கும் வரட்டும். சட்டத்தைப் பிடியுங்கள், நகரும் பாகம் எதையும் பிடிக்காதீர்கள். பாதம் ரோபோவின் நேர்கீழே இருக்கக் கூடாது. தலையும் அப்படித்தான்.

ஐந்து: சற்று மேலே தூக்கி எடையை வாங்குங்கள். பூட்டின் மேலிருந்த இறுக்கம் போனதைக் கண்ணால் பார்த்து, தாங்கும் நால்வரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆறு: அதன் பிறகே ஐந்தாமவர் பூட்டை விடுவிக்க வேண்டும். அவர் கை வெளியே வந்துவிட்டது என்று சொன்ன பிறகுதான் இறக்கத் தொடங்க வேண்டும்.

ஏழு: முழங்காலை மடக்கி, முதுகை நேராக வைத்து, மெல்ல இறக்குங்கள். தரையில் நின்றதும் பிரேக்கரை நிறுத்துங்கள். காற்றழுத்தம் இருந்தால் அதையும் வெளியேற்றிவிடுங்கள்.

பிரேக்கரை எப்போது நிறுத்துவது? முதலிலா, கடைசியிலா?

கொக்கியோ ராட்செட்டோ வார்ம் கியரோ பிடித்திருந்தால், கையை ரோபோவுக்குக் கீழே நீட்டாமல் பிரேக்கர் எட்டும் என்றால் முதலிலேயே நிறுத்தலாம். மின்பிரேக் பிடித்திருந்தால் எடையைக் கையில் வாங்கிய பிறகுதான். எது பிடித்திருக்கிறது என்பதில் துளி சந்தேகம் இருந்தாலும் முதலில் தாங்குங்கள், பிறகு நிறுத்துங்கள்.

ராட்செட் பூட்டை எப்படி விடுவிப்பது?

சுமை தொங்கும்போது ராட்செட்டின் தடுப்பு நாக்கு பல்லில் இறுகப் பதிந்திருக்கும். அதை நெம்பி எடுக்க முயன்றால் ஒன்று உடையும், இல்லையென்றால் சட்டென்று விடுபட்டு உருளை வேகமாகச் சுற்றும். அதனால் முதலில் உருளையை ஏறும் திசையில் சிறிது சுற்றி நாக்கைத் தளர்த்த வேண்டும். பிறகு நாக்கை விலக்கி, கையின் கட்டுப்பாட்டில் மெல்லத் திருப்பி இறக்க வேண்டும்.

இதற்காகவே பல அணிகள் உருளையின் அறுகோண அச்சை வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். அதில் ஸ்பானரை மாட்டலாம். எவ்வளவு பலம் தேவைப்படும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். உருளையின் விட்டம் 4 செ.மீ. என்றால் ஆரம் 2 செ.மீ. எழுபது கிலோவை இரண்டால் பெருக்கினால் 140. ஸ்பானரின் நீளம் 30 செ.மீ. என்றால் 140ஐ முப்பதால் வகுக்க, ஐந்து கிலோவுக்கும் சற்றுக் குறைவான விசை வரும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளலாம். உருளை 10 செ.மீ. விட்டம் என்றால் அதே கணக்கு பன்னிரண்டு கிலோவை நெருங்கும். களைத்த கையில் அது நழுவிவிடும்.

நழுவிய ஸ்பானர் சுழன்று முகத்தில் அடிக்கும். ஆகவே கைப்பிடி சுழலும் வட்டத்துக்குள் யாருடைய தலையும் இருக்கக் கூடாது. மின்கலத்தில் ஓடும் ட்ரில்லைப் பயன்படுத்தினால் இரு கைகளாலும் பிடியுங்கள்; அது கையை முறுக்கும். களத்துக்குள் எந்தக் கருவியைக் கொண்டுபோகலாம் என்பதை முதல் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டு வையுங்கள்.

ஸ்பானரால் இறக்கும்போதும் தாங்குபவர்கள் தேவையா? ஆம். ரோபோ ஆடாமலும் சாயாமலும் இருக்க அவர்கள் வேண்டும். ஆனால் அடியில் நிற்காமல் பக்கவாட்டில் நிற்க வேண்டும்.

காற்றழுத்த ரோபோவில் என்ன கவனிக்க வேண்டும்?

காற்றை வெளியேற்றும் வால்வை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். பிஸ்டன்தான் ரோபோவைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்றால் காற்று போனதும் ரோபோ இறங்கிவிடும். காற்றுதான் பிரேக்கை அழுத்திப் பிடித்திருக்கிறது என்றாலும் அதே கதை. தாங்கிய பிறகு திறங்கள்.

ஸ்பிரிங்கிலும் அமுக்கிய கேஸ் குழாயிலும் இதே போல ஆற்றல் அடைபட்டிருக்கும். ரோபோவின் எடை தரைக்கு வந்ததும் அதுவரை அமுங்கியிருந்த கை சட்டென்று மேலே துள்ளலாம். அது துள்ளும் பாதையில் முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒரே கம்பியில் இரண்டு ரோபோ தொங்கினால்?

பலர் யோசிக்காத ஆபத்து இதில் இருக்கிறது. 2020 விளையாட்டில் ரோபோக்கள் தொங்கிய சட்டம் நடுவில் அச்சில் ஆடும் தராசைப் போன்றது. தொங்கினால் 25 புள்ளி. சட்டம் சமமாக நின்றால் கூடுதலாக 15. இரு பக்கமும் ரோபோ இருக்கும்வரை சமநிலை. ஒரு பக்க ரோபோவைக் கழற்றினால் மறுபக்கம் தாழும். அங்கே நிற்பவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.

2024இல் சங்கிலி. இரண்டு ரோபோ ஒரே சங்கிலியில் தொங்கினால் கூடுதல் புள்ளி கிடைத்தது. ஒன்றை எடுத்ததும் சங்கிலியின் வளைவு மாறும், மற்றது நகரும்.

எனவே ஒரே கம்பியில் இரண்டு இருந்தால் இரு அணியும் பேசிக்கொண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். பிறகு ஒன்று ஒன்றாக இறக்க வேண்டும். ரோபோக்கள் பின்னிக்கொண்டிருந்தால் நீங்களே பிரிக்க முயலாமல் களப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள்.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதவை எவை?

இறுகிய கயிற்றை வெட்டாதீர்கள். இழுவிசையில் இருக்கும் கயிறு அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும்.

சுமை ஏறிய ஊசியையோ போல்ட்டையோ உருவாதீர்கள். கடைசி நூலிழை வரை அசையாமல் இருந்துவிட்டு ஒரே கணத்தில் விடுபடும்.

ஸ்டூல் மேல் நின்று எடையைத் தாங்காதீர்கள். கம்பி எட்டவில்லை என்றால் பூட்டை விடுவிப்பவர் மட்டும் ஏறலாம். அவரிடம் எடை போகக் கூடாது.

பற்சக்கரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் விரலை விடாதீர்கள். ரோபோவின் எடையே அவற்றைச் சுற்றவைக்கும், மோட்டார் தேவையில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று யாராவது அவசரப்படுத்தினால் அதற்கு இணங்காதீர்கள். அட்டவணை காத்திருக்கும்.

கைநழுவி விழத் தொடங்கினால்?

விட்டுவிட்டு விலகுங்கள். "விடு" என்று யார் சொன்னாலும் எல்லோரும் ஒரே நேரத்தில் கையை எடுத்துப் பின்னால் போக வேண்டும். வாரக்கணக்கில் இரவுபகலாகக் கட்டிய ரோபோ உடையும்போது பிள்ளைகளின் மனம் கேட்காது. கை தானாகவே நீளும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வைக்க வேண்டும். வளைந்த சட்டத்தை இரவோடு இரவாக மாற்றிவிடலாம். நசுங்கிய விரலை மாற்ற முடியாது.

விழுந்த பிறகு முதலில் ஆட்களைப் பாருங்கள். யாருக்காவது சிறு அடி என்றாலும் அங்குள்ள முதலுதவிக் குழுவிடம் சொல்லுங்கள். அடுத்து பேட்டரியைப் பாருங்கள். அது ஈயமும் கந்தக அமிலமும் கொண்ட பேட்டரி. விரிசல் விட்டிருந்தாலோ ஈரம் தெரிந்தாலோ வெறுங்கையால் தொடாதீர்கள். அமிலம் தாங்கும் கையுறையும் சமையல் சோடாவும் அணியின் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும். சோடா அமிலத்தின் வீரியத்தைப் போக்கும்.

இதையெல்லாம் வடிவமைக்கும்போதே எளிதாக்க முடியுமா?

முடியும். உண்மையில் அங்கேதான் பாதி வேலை இருக்கிறது. ஏறும் அமைப்பை வரையும் நாளிலேயே, "இது எப்படி இறங்கும்?" என்று கேளுங்கள். விடை இல்லையென்றால் அந்த வரைபடம் முடியவில்லை.

நான்கு மூலையிலும் கைப்பிடி வையுங்கள். ரோபோ தொங்கும்போது எந்தப் பக்கம் கீழே வருமோ அதற்கேற்ற இடத்தில் அது இருக்க வேண்டும். தரையில் நிற்கும்போது வசதியாக இருந்த பிடி, சாய்ந்து தொங்கும்போது எட்டாத இடத்துக்குப் போயிருக்கும். எதைப் பிடிக்கலாம் என்பதைப் பளிச்சென்ற நிறத்தில் ஒட்டிக் காட்டுங்கள். உதவிக்கு வரும் வேற்று அணியினருக்கும் அப்போதுதான் தெரியும்.

மின்சாரம் போனால் பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும், திறந்துகொள்ளக் கூடாது. ஸ்பிரிங் அழுத்திப் பூட்டட்டும். மின்சாரமோ காற்றோ அதைத் திறக்கட்டும். அப்படிச் செய்தால் பேட்டரி கழன்றாலும் ரோபோ அங்கேயே நிற்கும்.

பூட்டை விடுவிக்கும் நெம்புகோல் ரோபோவின் வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். கையை உள்ளே விட்டுத் துழாவ வேண்டிய நிலை வரக் கூடாது. பிரேக்கருக்கும் காற்று வால்வுக்கும் இதே விதி. கருவி தேவைப்பட்டால் அதைக் கயிற்றில் கட்டி ரோபோ வண்டியிலேயே வையுங்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல ஏற்பாடு, கையால் சுற்றி மெல்ல இறக்கக்கூடிய அமைப்பு. அப்போது பிள்ளைகள் எடையைச் சுமக்க வேண்டியதே இல்லை. சாயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

பயிற்சி எடுக்க வேண்டுமா?

கட்டாயம். ஏறும் பயிற்சிக்கு மணிக்கணக்கில் நேரம் ஒதுக்கும் அணிகளும் இறங்கும் பயிற்சிக்கு நேரம் தருவதில்லை. பட்டறையில் ஏறிய ரோபோவை மோட்டாரை இயக்கியே இறக்கிவிடுவார்கள். போட்டியில் அந்த வசதி இல்லை என்பது முதல் ஆட்டம் முடிந்த பிறகுதான் உறைக்கும்.

பட்டறையிலேயே ரோபோவை முடக்கி, போட்டியில் இருக்கும் நிலையிலேயே இறக்கிப் பழகுங்கள். முதலில் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, கீழே தடித்த மெத்தை போட்டுச் செய்யுங்கள். பிரேக்கரை நிறுத்தினால் பூட்டு பிடிக்கிறதா என்பதை அந்த உயரத்திலேயே சோதியுங்கள். யாரும் தொடாமல், விலகி நின்று. அது தேறிய பிறகு உயரத்தைக் கூட்டுங்கள். இறக்கும் குழுவில் உள்ள ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று பழக வேண்டும். ஒருவர் வராவிட்டாலும் வேலை நடக்க வேண்டும்.

பெற்றோராக நான் என்ன கேட்கலாம்?

பொறியியல் தெரிய வேண்டியதில்லை. அணியின் வழிகாட்டியிடம் நான்கு கேள்வி கேளுங்கள். ரோபோவை மின்சாரம் இல்லாமல் இறக்கிப் பார்த்தீர்களா? அதை எத்தனை பேர் செய்கிறார்கள்? பூட்டு எது, அதை விடுவிப்பது எப்படி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியுமா? "எனக்குப் பயமாக இருக்கிறது, நிறுத்துங்கள்" என்று ஒரு பிள்ளை சொன்னால் வேலை உடனே நிற்குமா?

நான்காவது கேள்விதான் முக்கியமானது. பெரியவர்கள் சூழ நிற்கும் இடத்தில், ஆயிரம் பேர் பார்க்கும்போது, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று சொல்வது கடினம். அப்படிச் சொன்னால் பாராட்டுவோம் என்பதை வீட்டிலும் சொல்லி அனுப்புங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பியில் ஏறித் தொங்கும்போது உங்கள் ரோபோவின் வேலை முடிந்துவிடுகிறது. உங்கள் வேலை முடியவில்லை. அது தரையில் நின்று, விளக்கு அணைந்து, குழுவில் உள்ள அத்தனை பேரும் முழுக் கைகளோடு களத்தை விட்டு வெளியே வந்தால்தான் ஆட்டம் முடிந்தது என்று எண்ணுங்கள். அடுத்த முறை பட்டறைக்குப் போனதும் ரோபோவை முதலில் தாங்கிக்கொண்டு, பிரேக்கரை நிறுத்திவிட்டு ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.